வழுக்கணுமா, பிடிக்கணுமா: டர்ன்டேபிள் மேட்டின் கதை

(ஒலிபரப்பான எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

போன வாரம் ஒரு மெயில் வந்தது. எழுதியவர் முதல் போனஸில் ஒரு டர்ன்டேபிள் வாங்கியிருக்கிறார். அப்படியே படிக்கிறேன்: "அண்ணா, ஒவ்வொரு தடவை ரெக்கார்டை எடுக்கும்போதும் அடியில இருக்கிற ஃபெல்ட் மேட்டும் ஒட்டிக்கிட்டே வருது. நேத்து பாதி வழியில கழண்டு ஊசி மேலயே விழுந்துடுச்சு. நல்லவேளை, உடையல. வேற மேட் வாங்கலாம்னு தேடினா ரப்பர், கார்க், லெதர், அக்ரிலிக், செம்புன்னு என்னென்னவோ வருது. சில மேட் விலை டர்ன்டேபிள் விலையையே தொடுது. எதை வாங்கட்டும்?"

இதுக்கு ரெண்டு வரியில பதில் சொல்லிடலாம். கடைசியில சொல்லவும் போறேன். ஆனா எனக்கு வேற ஒரு கேள்வி வந்துடுச்சு. இவ்வளவு தொல்லை கொடுக்கிற ஃபெல்ட்டை ஏன் பெட்டிக்குள்ள வச்சு விக்கிறாங்க? அது எப்போ அங்க வந்தது, நடுவுல எப்போ காணாமப் போச்சு, யார் திரும்பக் கொண்டு வந்தாங்க? தேடிப் போனா, ஒரு வட்டத் துணிக்கு இவ்வளவு பெரிய கதையான்னு ஆச்சரியமா இருந்தது. இந்த எபிசோட் அந்தக் கதைதான்.

முதலில், மேட் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு. டர்ன்டேபிளில் மோட்டார் சுற்றுவது பிளாட்டர் என்ற தட்டை. அந்தத் தட்டின் மேல்தான் ரெக்கார்டை வைக்கிறோம். இரண்டுக்கும் நடுவில் விரிக்கும் வட்டமான விரிப்புதான் மேட். அவ்வளவுதான். அதில் மின்சாரமும் கிடையாது, அசையும் பாகமும் கிடையாது. ஆனால் அதன் தலையில் இரண்டு எதிரெதிரான வேலைகள் விழுந்தன. ஒன்று, ரெக்கார்டை நழுவாமல் பிடித்துக்கொள்வது. இன்னொன்று, நழுவ விடுவது.

பிடித்துக்கொள்வதில் தொடங்குவோம். எமில் பெர்லினர் என்ற ஜெர்மனியில் பிறந்த அமெரிக்கர் 1887-இல் கிராமபோனுக்குக் காப்புரிமை வாங்கினார். எடிசனின் இயந்திரத்தில் ஒலி ஓர் உருளையில் பதிவானது. பெர்லினர் அதைத் தட்டையான வட்டாக மாற்றினார். ஆரம்பத்தில் கெட்டி ரப்பரில் தட்டு செய்து பார்த்தார்கள், சரிவரவில்லை. 1890களின் நடுவில் ஷெல்லாக்குக்கு மாறினார்கள். ஷெல்லாக் வேறொன்றும் இல்லை, நம்ம அரக்குதான். மகாபாரதத்தில் பாண்டவர்களை உள்ளே வைத்துக் கொளுத்தப் பார்த்தார்களே, அந்த மாளிகையின் அரக்கு. புரசு, இலந்தை போன்ற மரங்களில் ஒட்டி வாழும் ஒரு பூச்சி சுரக்கும் பிசின். உலகத்துக்குத் தேவையான அரக்கில் பெரும்பகுதி இந்தியாவில் இருந்துதான் போனது, அதிலும் முக்கியமாக இன்றைய ஜார்க்கண்ட் பக்கத்துக் காடுகளில் இருந்து. நியூயார்க்கில் ஒருவர் ஆபரா கேட்டாலும் அடியில் சுற்றிக்கொண்டிருந்தது நம்ம காட்டுப் பிசின். 1908-இல் கிராமபோன் கம்பெனி கல்கத்தாவில் ரெக்கார்டுத் தொழிற்சாலை போட்டபோது அந்தப் பிசின் பாட்டாகி நம்ம ஊருக்கே திரும்ப வந்தது.

அரக்கோடு கல்மாவும் கலப்பார்கள். அதனால் தட்டு கனமாக இருக்கும், கீழே விழுந்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். எஃகு ஊசியும் ஒலிப்பெட்டியும் சேர்ந்து அதன் மேல் நூறு கிராமுக்கும் அதிகமாக அழுத்தும். இன்றைக்கு உங்கள் டர்ன்டேபிளில் ஊசி அழுத்துவது ஒன்றரை, இரண்டு கிராம்தான். அப்படியானால் நூறு கிராம் அழுத்தத்தோடு, நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடும் தட்டை ஊசி எவ்வளவு இழுத்துப் பிடிக்கும் என்று யோசிச்சுப் பாருங்க. வழவழப்பான இரும்புத் தட்டில் ரெக்கார்டை நேரடியாக வைத்தால், தட்டு சுற்றும், ரெக்கார்டு தயங்கும். அடிப்பக்கம் கீறலும் விழும். எனவே தட்டின் மேல் ஃபெல்ட் அல்லது வெல்வெட் துணியை ஒட்டினார்கள். ஃபெல்ட் என்பது நெய்த துணி அல்ல. கம்பளி இழைகளை ஈரமும் சூடும் கொடுத்து அழுத்தி எடுப்பது. அதன் ரோமப் பரப்பில் கனமான அரக்குத் தட்டு நன்றாகப் பதிந்து உட்கார்ந்துகொள்ளும். யார் வீட்டிலாவது தாத்தா காலத்துக் கிராமபோன் பரணில் இருந்தால் இறக்கித் தொட்டுப் பாருங்க. பெரும்பாலும் பச்சையோ அரக்குச் சிவப்போ ஒரு துணி தேய்ந்துபோய் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஆக, ஃபெல்ட் முதலில் உள்ளே வந்தது பிடித்துக்கொள்ளத்தான். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி இதே துணி அப்படியே கட்சி மாறப்போகுது.

1948-இல் கொலம்பியா நிறுவனம் எல்.பி. ரெக்கார்டை வெளியிட்டது. 12 அங்குலம், நிமிஷத்துக்கு முப்பத்து மூன்றே கால்கால் அல்ல, முப்பத்து மூன்றும் மூன்றில் ஒரு பங்கும் சுற்று. ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் பாட்டு. பொருளும் மாறியது. அரக்குப் போய் வினைல் வந்தது, அதாவது நம்ம வீட்டு பி.வி.சி. பைப்பின் உறவுக்காரப் பிளாஸ்டிக். பள்ளங்களும் குறுகின. 78 ரெக்கார்டுக்கான ஊசியின் முனையைவிட எல்.பி. ஊசியின் முனை மூன்றில் ஒரு பங்குதான்.

இங்கேதான் ஃபெல்ட்டுக்குச் சிக்கல். பள்ளிக்கூடத்தில் சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டைத் தூக்கினோமே, அதே சமாச்சாரம். இரண்டு பொருள்கள் உரசும்போது எது எலெக்ட்ரானை விடும், எது பிடுங்கும் என்று ஒரு வரிசை உண்டு. அந்த வரிசையில் கம்பளி விட்டுக்கொடுக்கும் பக்கம், பி.வி.சி. பிடுங்கிக்கொள்ளும் பக்கம். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துவிட்டுப் பிரித்தால் ஒன்றையொன்று இழுக்கும். மெயில் எழுதிய தம்பி, உங்க மேட் ரெக்கார்டோட ஒட்டிக்கிட்டு வர்றதுக்குக் காரணம் இதுதான். தூசியும் இதே காரணத்தால்தான் ஓடி வந்து ஒட்டுகிறது. அரக்கு ரெக்கார்டில் ஒரு தூசி விழுந்தால் எஃகு ஊசி அதை உழுதுகொண்டு போய்விடும். வினைலில் அது டப் டப் என்று கேட்கும்.

ஆகவே 1950களில் ரப்பர் வந்தது. ரப்பர் நல்லாப் பிடிக்கும், ரோமம் கொட்டாது, ஈரத்துணியால் துடைத்து வைக்கலாம். இன்னொரு வேலையும் செய்யும். பிளாட்டர் உலோகம். விரலால் சுண்டிப் பாருங்க, பூஜை மணி மாதிரி கிணுகிணுக்கும். ஊசி பள்ளத்தில் ஓடும்போது பள்ளம் ஊசியை மட்டும் ஆட்டுவதில்லை, ஊசியும் ரெக்கார்டை ஆட்டுகிறது. அந்த நடுக்கம் தட்டுக்குப் போகும், தட்டின் நடுக்கம் திரும்ப ஊசிக்கு வரும். ஊசி படித்துக்கொண்டிருப்பது தலைமுடியின் தடிமனை ஒத்த ஒரு பள்ளத்தின் நெளிவுகளை. அதனால் அதற்கு இதெல்லாம் தெரியும். கனமான ரப்பர் அந்தக் கிணுகிணுப்பை அமுக்கிவிடும். மேட்டுக்கு 'பிடி' என்ற வேலையோடு 'அமுக்கு' என்ற வேலையும் சேர்ந்தது இப்படித்தான். இன்றைக்கு விலை உயர்ந்த மேட் விற்பவர்கள் பேசுவதெல்லாம் இந்த இரண்டாவது வேலையைப் பற்றித்தான்.

இதுவரை கேட்டவர்கள் வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பவர்கள். அவர்களுக்கு ஒரே சட்டம்: ரெக்கார்டைப் போட்டால் அது தட்டோடு தட்டாகச் சுற்ற வேண்டும், நீ அதைத் தொடக் கூடாது. ஆனால் அதே காலத்தில் இன்னொரு கூட்டம் ரெக்கார்டோடு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. வானொலி நிலையத்துக்காரர்கள். அவர்களுடைய பயம் ஒன்றே ஒன்று: நிசப்தம். "அடுத்த பாடல்..." என்று சொல்லி முடித்த அந்த நொடியில் பாட்டு தொடங்க வேண்டும். தட்டு நின்ற நிலையிலிருந்து வேகம் எடுக்கும் வரை காத்திருந்தால் பாட்டின் முதல் சுரம் 'ங்ங்ஙய்ய்' என்று இழுத்துக்கொண்டு வரும். அதனால் அமெரிக்க வானொலி நிலையங்களில் ஒரு வழி பிடித்தார்கள். தட்டில் ஃபெல்ட்டைப் போட்டு, தட்டை முழு வேகத்தில் ஓட விட்டு, ரெக்கார்டின் ஓரத்தை மட்டும் விரலால் நிறுத்திப் பிடித்துக்கொள்வார்கள். அடியில் தட்டு ஓடும், மேலே ரெக்கார்டு நிற்கும். நேரம் வந்ததும் விரலை எடுத்தால் பாட்டு உடனே தொடங்கும். இதற்குப் பெயர் ஸ்லிப் க்யூயிங்.

சுவிட்சர்லாந்தின் தோரன்ஸ் நிறுவனம் இதையே இயந்திரமாகச் செய்து பார்த்தது. 1957-இல் வந்த டி.டி. 124 மாடலில் இரண்டு தட்டுகள். அடியில் கனமான இரும்புத் தட்டு எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் மேல் மெல்லிய அலுமினியத் தட்டு, அதன் மேல் ரப்பர் மேட். ஒரு நெம்பைத் தள்ளினால் மேல்தட்டு மட்டும் கொஞ்சம் எழும்பி நின்றுவிடும். விட்டால் இரும்புத் தட்டின் மேல் அமர்ந்து உடனே வேகம் பிடிக்கும். எவ்வளவு அழகான பொறியியல்! வானொலிக்காரர்கள் ஒரு துண்டுத் துணியில் முடித்துக்கொண்ட வேலை என்பதுதான் இதில் வேடிக்கை.

1960களின் கடைசியில் அந்தத் துணி வானொலி நிலையத்தை விட்டு வெளியே வந்தது. நியூயார்க்கில், ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் சாங்சுவரி என்று ஒரு நடன கிளப். அங்கே பாட்டுப் போட்டவர் ஃபிரான்சிஸ் கிராசோ. அதுவரை கிளப்களில் ஒரு பாட்டு முடிந்து இன்னொன்று தொடங்கும்போது கூட்டம் நின்று, மூச்சு வாங்கி, மறுபடி ஆடத் தொடங்கும். கிராசோ ஸ்லிப் க்யூயிங்கை வைத்து ஒரு பாட்டின் தாளத்திலேயே அடுத்த பாட்டைக் கொண்டுவந்து இறக்கினார். கூட்டம் நிற்கவே இல்லை.

இப்போ நாம பிராங்க்ஸுக்குப் போறோம். அதே நியூயார்க், ஆனா வேற உலகம்.

1970களின் தெற்கு பிராங்க்ஸ்: எரிந்துபோன அடுக்குமாடிகள், மூடிய கடைகள், பணம் தீர்ந்துபோன மாநகராட்சி. 1973 ஆகஸ்ட் 11 அன்று, 1520 செட்ஜ்விக் அவென்யூ என்ற குடியிருப்பின் பொது அறையில் டிஜே கூல் ஹெர்க் ஒரு பார்ட்டி நடத்தினார். ஜமைக்காவிலிருந்து வந்த குடும்பம். அவர் ஒன்றைக் கவனித்தார்: பாட்டில் மற்ற வாத்தியங்கள் எல்லாம் ஒதுங்கி டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் சில நொடிகள் வரும், அதற்குப் பேர் பிரேக். அப்போதுதான் பசங்க வெறித்தனமாக ஆடுகிறார்கள். ஆகவே இரண்டு டர்ன்டேபிளை வைத்து அந்தப் பிரேக்கை மட்டும் திரும்பத் திரும்ப வரவைத்தார். ஹிப் ஹாப் இங்கேதான் பிறந்தது என்று சொல்வார்கள்.

ஹெர்க் ஊசியைத் தூக்கி, கண் அளவில் உத்தேசமாக வைப்பார். சில நேரம் தாளம் பிசகும். கூட்டம் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒரு பையன் மட்டும் பொருட்படுத்தினான். ஜோசப் சாட்லர். 1958-இல் பார்படோஸில் பிறந்து பிராங்க்ஸில் வளர்ந்தவன். தொழிற்பள்ளியில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன். தெருவில் வீசிப்போன ரேடியோக்களைப் பொறுக்கி வந்து பிரித்துப் பார்ப்பவன். சின்ன வயசிலிருந்தே அப்பாவின் ரெக்கார்டுகள் மேல் பைத்தியம். அப்பாவோ, ரெக்கார்டைத் தொட்டால் அடிப்பவர். அடி வாங்கியும் அவன் திரும்பத் திரும்பப் போய்த் தொட்டதை அவரே பிற்காலத்தில் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். உலகம் அவரை கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் என்று அறியும்.

ஃப்ளாஷ் வகுத்துக்கொண்ட கணக்கு இது. ஒரே ரெக்கார்டின் இரண்டு பிரதிகள், இரண்டு டர்ன்டேபிள். ஒன்றில் பத்து நொடி பிரேக் ஓடும்போது, மற்றொன்றைப் பிரேக்கின் தொடக்கத்துக்குப் பின்னோக்கிச் சுற்றிப் பிடித்து வைத்திருக்க வேண்டும். முதலாவது முடிந்த அந்தத் தாளத்தில் இரண்டாவதை விட வேண்டும். எத்தனை சுற்று பின்னால் போக வேண்டும் என்று தெரிய, ரெக்கார்டின் மேலேயே கிரேயான் பென்சிலால் கோடு போட்டார், கடிகார முள்ளைப் போல.

எல்லாம் சரி, ஒன்று மட்டும் இடித்தது. ரப்பர் மேட். அது வந்ததே பிடித்துக்கொள்ளத்தானே? ரெக்கார்டைக் கையால் நிறுத்தினால் ரப்பர் தட்டையும் சேர்த்து இழுத்து நிறுத்தியது. மோட்டார் திணறியது. விட்டால் வேகம் பிடிக்க நேரமாகியது. பின்னோக்கிச் சுற்றுவது சொல்லவே வேண்டாம்.

ரப்பரைத் தூக்கிப் போட்டார். பிறகு துணிக்கடைக்குப் போய் ஒவ்வொரு துணியாகத் தடவிப் பார்த்தார். இதைச் செய்யும் ஒரு பதின்வயதுப் பையனைக் கடைக்காரர் எப்படிப் பார்த்திருப்பார் என்று நான் அடிக்கடி கற்பனை செய்துகொள்வேன். கடைசியில் ஃபெல்ட்டில் வந்து நின்றார். ஆனால் அந்த ஃபெல்ட் துவண்டது. ரெக்கார்டைப் பின்னால் தள்ளினால் துணியும் சுருண்டுகொண்டு வந்தது. அவருடைய அம்மா தையல் வேலை செய்பவர். வீட்டில் இஸ்திரிப் பெட்டி உண்டு, துணிக்குப் போடும் ஸ்ப்ரே கஞ்சி உண்டு. எல்.பி. அளவுக்கு வட்டமாக ஃபெல்ட்டை வெட்டி, இரண்டு பக்கமும் கஞ்சி அடித்து, விறைக்கும் வரை இஸ்திரி போட்டார். கஞ்சி போட்ட வேட்டி எப்படி மொடமொடன்னு நிக்கும், அந்தப் பதம். தட்டின் மேல் அது வழுக்கியது, அதன் மேல் ரெக்கார்டு உட்கார்ந்தது, கை நினைத்தபடி இரண்டும் சேர்ந்து முன்னும் பின்னும் போயின. அடியில் தட்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் 'வேஃபர்'. சாப்பிடுகிற வேஃபர் பிஸ்கட்டேதான். இன்றைக்குக் கடையில் ஸ்லிப்மேட் என்று விற்பது அதன் வழிவந்ததுதான்.

ஃபெல்ட் கட்சி மாறிய இடம் இதுதான். அரக்குக் காலத்தில் ரெக்கார்டைப் பிடிக்க வந்த துணி, இப்போது ரெக்கார்டை விடுவிக்க வந்தது. துணியின் குணம் பெரிதாக மாறவில்லை. மேலே உட்கார்ந்த தட்டு இலேசானது, ஊசியின் அழுத்தம் சில கிராமுக்குக் குறைந்தது, அடியில் கஞ்சி ஏறியது.

இதில் ஃப்ளாஷ் மீறிய சட்டம் சின்னது இல்லை. அந்தக் காலத்து டிஜேக்களும் ரெக்கார்டை ஓரத்தில் மட்டும் பிடிப்பவர்கள்தான். அவர் பாட்டு ஓடும் பரப்பின் மேலேயே விரலை வைத்தார். ரெக்கார்டை நாசமாக்குகிறான் என்று சக டிஜேக்கள் முகம் சுளித்தார்கள். அப்பா அடித்துச் சொல்லிக்கொடுத்த அதே பாடம்: தொடாதே. முதல்முதலாகப் பொது இடத்தில் இந்த வித்தையைக் காட்டியபோது கூட்டம் ஆடவே இல்லையாம். என்ன நடக்கிறது என்று புரியாமல் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறது. அந்த மௌனம் தன்னை எவ்வளவு புண்படுத்தியது என்று அவர் சொல்லியிருக்கிறார். மாதக்கணக்கில் அறைக்குள் இருந்து கண்டுபிடித்ததை எடுத்து வந்து காட்டும்போது, திட்டியிருந்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம்.

ஃப்ளாஷிடம் பழகிய தியோடர் லிவிங்ஸ்டன் என்ற சின்னப் பையன் அடுத்த படியை எடுத்து வைத்தான். அறையில் பாட்டுச் சத்தம் தாங்காமல் அம்மா கதவைத் தட்டித் திட்ட, அவன் பேச்சைக் கேட்பதற்காக ஓடும் ரெக்கார்டைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டிருந்தான். ஹெட்போனில் வந்த சத்தம் அவனுக்குப் பிடித்துவிட்டது. ஸ்கிராட்ச் பிறந்த கதையாக கிராண்ட் விஸார்ட் தியோடர் சொல்வது இதைத்தான். ஃபெல்ட்டைப் பிடித்துக் கொடுத்ததும் ஒரு அம்மா, ஸ்கிராட்ச்சைப் பிடித்துக் கொடுத்ததும் ஒரு அம்மா. 1981-இல் ஃப்ளாஷ் மூன்று டர்ன்டேபிள்களை வைத்து ரெக்கார்டுகளைக் கலந்து ஒரு முழு சிங்கிளை வெளியிட்டார். அதற்குள் அந்தக் கூட்டத்துக்கு எப்படி ஆட வேண்டும் என்று நன்றாகத் தெரிந்திருந்தது.

இந்த நேரத்தில் ஜப்பானில் என்ன நடந்தது என்பதையும் சொல்லிடணும், ஏன்னா துணி மட்டும் போதாது. பெரும்பாலான டர்ன்டேபிள்களில் மோட்டார் ஒரு ரப்பர் பெல்ட் மூலம் தட்டைச் சுற்றும். கையால் இழுத்தால் பெல்ட் வழுக்கும், தட்டு சோர்ந்துபோகும். ஒசாகாவின் மட்சுஷிதா நிறுவனத்தில் ஷுய்ச்சி ஒபாட்டா தலைமையிலான பொறியாளர்கள் பெல்ட்டே இல்லாமல் மோட்டாரைத் தட்டின் அச்சிலேயே பொருத்தினார்கள். டைரக்ட் டிரைவ். 1970-இல் எஸ்.பி. 10 வந்தது, 1972-இல் டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 வந்தது. வீட்டில் அமைதியாக உட்கார்ந்து கேட்பவர்களுக்காகச் செய்த கருவி அது. கிளப்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். 1979-இல் வந்த எம்.கே. 2 மாடல் 0.7 நொடியில் முழு வேகம் பிடித்தது. வேகத்தை 8 சதவீதம் கூட்டவும் குறைக்கவும் ஒரு நீளமான ஸ்லைடர் இருந்தது. அதன் பெட்டியில் கனமான நல்ல ரப்பர் மேட் ஒன்று இருக்கும். டிஜேக்கள் முதலில் செய்யும் வேலை அதைக் கழற்றி வைப்பதுதான். சிலர் ஃபெல்ட்டுக்கு அடியில் மெழுகுத்தாளையும் வெட்டிப் போட்டு இன்னும் வழுக்க வைப்பார்கள்.

சரி, உங்க பெட்டியில ஃபெல்ட் எப்படி வந்தது? நீங்க ஸ்கிராட்ச் பண்ணப் போறதில்லையே. அதுக்கு ஸ்காட்லாந்து போகணும். 1970களின் தொடக்கத்தில் கிளாஸ்கோவில் லின் நிறுவனம் சோண்டெக் எல்.பி. 12 என்ற டர்ன்டேபிளை வெளியிட்டது. கனமான தட்டு, ஸ்பிரிங்கில் தொங்கும் அடித்தளம், பெல்ட் டிரைவ். மேலே ஒரு மெல்லிய ஃபெல்ட். இங்கிலாந்தின் ரேகா நிறுவனம் கண்ணாடித் தட்டு செய்து அதன் மேலும் ஃபெல்ட்டே போட்டது. ஜப்பானியர்கள் கனமான ரப்பரால் அமுக்கிக்கொண்டிருந்தபோது, பிரிட்டிஷ் பள்ளி "அதிகமா அமுக்காதே, பாட்டின் உயிர் போயிடும்" என்ற கட்சி. ஜப்பானிலும் எல்லோரும் ரப்பர் இல்லை. மைக்ரோ சீகி நிறுவனம் ஒன்றரைக் கிலோவுக்கும் மேல் கனமான செம்பு மேட்டே விற்றது. யார் சரி என்று ஐம்பது வருஷமாகச் சண்டை நடக்கிறது. என் கருத்து: இரண்டு தரப்பும் தங்கள் தங்கள் தட்டுக்குச் சரியானதைச் செய்தார்கள். கண்ணாடியும், நன்றாக வடிவமைத்த கனத்த தட்டும் மெல்லிய அலுமினியம் போலக் கிணுகிணுப்பதில்லை. அங்கே ரப்பருக்கு அவ்வளவு வேலை இல்லை. அந்த பிரிட்டிஷ் வழக்கத்தைப் பின்பற்றித்தான் இன்று பல விலை குறைந்த டர்ன்டேபிள்களும் ஃபெல்ட்டோடு வருகின்றன. ஃபெல்ட் மலிவு என்பதும் ஒரு காரணமாக இருக்கும் என்று சந்தேகப்படுகிறேன்.

நானும் இதில் சூடு பட்டவன்தான். சில வருஷம் முன்னால் ஐந்து மில்லிமீட்டர் தடிமனுள்ள அழகான ஒரு லெதர் மேட் வாங்கினேன். கடையின் பெயர் வேண்டாம். என் டர்ன்டேபிளில் டோன்ஆர்மின் உயரத்தை மாற்ற வழி கிடையாது. ரெக்கார்டு மேலே ஏறியது, கை ஏறவில்லை. ஊசியைத் தூக்கும் நெம்பைத் தூக்கினால் அது ரெக்கார்டை விட்டு மேலேயே வரவில்லை. அதைக் கவனிக்காமல் கையை ஓரத்துக்கு நகர்த்தினேன். சர்ர்ர் என்று ஒரு சத்தம். நான் செய்த ஒரே ஸ்கிராட்ச் அதுதான், அதுவும் திரும்பக் கிடைக்காத ஒரு ரெக்கார்டில்.

எனவே தம்பி, வாங்கும் முன் மில்லிமீட்டரைப் பாருங்க. ஒன்பது அங்குலக் கையில் ஒரு மில்லிமீட்டர் ஏறினால் ஊசியின் கோணம் ஏறக்குறைய கால் டிகிரி மாறும். அது காதுக்குத் தெரியுமா என்பது தனிச் சண்டை, ஆனால் மூன்று, நான்கு மில்லிமீட்டர் ஏறினால் என்னைப் போல மாட்டிக்கொள்வீங்க. கூட வந்த மேட்டின் தடிமனையே புதுசிலும் தேடுங்க. கனத்தையும் பாருங்க. சின்ன பெல்ட் டிரைவ் மோட்டார் மேல் செம்பை ஏற்றாதீங்க. அப்புறம், பெரும்பாலான ரெக்கார்டில் நடுவில் லேபிள் இருக்கும் பகுதி கொஞ்சம் தடிமனாக இருக்கும். 1950களில் ரெக்கார்டுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி ஓட்டிய காலத்தில், பள்ளங்கள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்க நடுவையும் விளிம்பையும் உயர்த்தி அச்சடிக்கத் தொடங்கியதன் மிச்சம் அது. நல்ல மேட்டில் நடுவில் அந்த லேபிளுக்கு ஒரு பள்ளம் இருக்கும். இல்லாவிட்டால் ரெக்கார்டு தொப்புளில் நின்றுகொண்டு ஓரமெல்லாம் அந்தரத்தில் தொங்கும்.

பொருள் என்று பார்த்தால், உங்க தட்டைச் சுண்டிப் பாருங்க. மணி மாதிரி கேட்டால் ரப்பர் வாங்குங்க, வித்தியாசம் தெரியும். 'டொக்' என்று மந்தமாகக் கேட்டாலோ, கண்ணாடித் தட்டாக இருந்தாலோ, உங்களுக்குத் தேவை ஒட்டாத ஒரு மேட் மட்டும்தான். அதற்கு கார்க் போதும், ஃபெல்ட் அளவுக்கு ஒட்டிக்கொண்டு வராது. அக்ரிலிக் தட்டு என்றால் பெரும்பாலும் மேட்டே வேண்டாம். டர்ன்டேபிள் விலைக்கு மேட் வாங்கும் யோசனையை விட்டுடுங்க. அந்தக் காசை ஊசிக்குப் போடுங்க.

கார்க்கையும் மேட் என்ற பெயரில் வாங்க வேண்டாம். கைவினைப் பொருள் கடையில் இரண்டு மில்லிமீட்டர் கார்க் ஷீட் கிடைக்கும். பழைய மேட்டை அதன் மேல் வைத்துப் பென்சிலால் கோடு போட்டு, கத்தரியால் வெட்டுங்க. நடுவில் ஏழரை மில்லிமீட்டர் ஓட்டை. அது மட்டும் சரியாக நடுவில் இருக்கட்டும், இல்லாவிட்டால் ஓரம் உரசும். கழற்றிய ஃபெல்ட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க. ஒரு நாள் வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, யாருக்கும் வேண்டாத ஒரு ரெக்கார்டும் கொஞ்சம் கஞ்சியும் எடுத்து உட்காருங்க. பெல்ட் டிரைவில் சரியாக வராது, ஆனால் ஊசியும் பழசாக இருந்தால் பாதகமில்லை. எப்படி வந்ததுன்னு எழுதுங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.